மார்ச் கடைசியில் மணாலி: காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி. அப்பா அம்மாவோடு போகலாமா?

துவாரகைப் புதியவன் | மார்ச் 19, இரவு 9:40

டெல்லிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் 25ஆம் தேதி வருகிறார்கள். அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 61. திருவாரூர் பக்கம் நெல் விவசாயம். இரண்டு பேருமே வானத்திலிருந்து பனி விழுந்து பார்த்ததில்லை. இந்த முறை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பையனுக்கு முழுப்பரீட்சை முடிந்துவிட்டது, ஏப்ரல் 7 அன்றுதான் அடுத்த வகுப்பு. 27ஆம் தேதி இரவு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறி, மூன்று இரவு மணாலியில் தங்கி, ஒரு நாள் சோலாங், ஒரு நாள் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு என்று திட்டம்.

போன வாரம் போனில் பார்த்தபோது மணாலியில் 19 டிகிரி. நேற்று காலை 0 டிகிரி, பனிப்பொழிவு என்றது. இன்று மாலை மறுபடி 14. அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் போய் வந்தார்கள். ஒருவர் அரைக்கைச் சட்டையோடு நின்று படம் எடுத்திருக்கிறார். இன்னொருவர் சோலாங் ரோட்டில் ஆறு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். எதை நம்பி டிக்கெட் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கேபுரம் பெரியவர் | மார்ச் 19, இரவு 10:25

தம்பி, அந்த இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். மலையில் மார்ச் மாதம் அப்படித்தான் இருக்கும்.

நான் 1986இலிருந்து இங்கே இருக்கிறேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வதோடு நம் ஊரில் குளிர் கணக்கு முடிந்துவிடும். பங்குனி என்றால் வெயில் என்றுதான் நம் உடம்புக்குத் தெரியும். ஆனால் பழைய தமிழ்ப் பருவக் கணக்கைப் பாருங்கள், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கு இமயமலைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே டெல்லியிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. மார்ச்சில் இரவு நன்றாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் திடீரென்று இரவிலும் புழுங்கும், காற்று கிழக்கே இருந்து வரும், மறுநாள் வானம் வெளுத்து மேகம் பரவும். அப்போது மலைக்கு மேகம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இங்கே தூறல், அங்கே பனி. அது போனதும் வடமேற்குக் காற்று சில்லென்று அடிக்கும். பங்குனி உத்திரத்துக்கு இங்கே மலை மந்திர் முருகன் கோயிலில் நிற்கும்போது ஒரு வருஷம் வேர்த்துக் கொட்டும், இன்னொரு வருஷம் சால்வை தேவைப்படும்.

ஊட்டிக்காரி | மார்ச் 19, இரவு 11:05

நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது லக்ஷ்மி நகரில் இருக்கிறேன். நம் ஆட்கள் எல்லாரும் செய்யும் ஒரு தப்பை நானும் செய்தேன், அதனால் சொல்கிறேன். மலை என்றதும் மனசுக்குள் ஊட்டியையோ கொடைக்கானலையோ வைத்துக்கொள்கிறோம். ஊட்டி 2,240 மீட்டர், மணாலி 2,050 மீட்டர்தான். அப்படியானால் மணாலியில் ஊட்டி அளவுக்குத்தானே குளிரும் என்று நினைத்து ஒரு ஸ்வெட்டரோடு போய் இறங்கினேன்.

ஊட்டி இருப்பது 11 பாகை வடக்கில். மணாலி 32 பாகையில். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் புல்லின் மேல் உறைபனி பூக்கும், விடிந்து வெயில் பட்டால் போய்விடும். மார்ச், ஏப்ரலில் பகல் கதகதப்பு, மாலையில் ஒரு கோடை மழை, அவ்வளவுதான். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மணாலியில் ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கியதைப் பார்த்தபோதுதான் அது வேறு வகை மலை என்று புரிந்தது.

வரைபடக்காரன் | மார்ச் 20, காலை 7:15

வானிலைத் தரவுகளோடு வேலை செய்கிறவன். பெரியவர் சொன்ன டெல்லி அடையாளம் நூற்றுக்கு நூறு சரி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

இங்கே செய்தியில் மேற்கத்திய இடையூறு என்று கேட்டிருப்பீர்கள். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தக் குலைவுகள் அவை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்றோட்டத்தில் ஏறிக்கொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்டுக்கு வந்து சேர்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை மாதத்துக்கு நான்கைந்து வரும். நம் ஊர் மழை வங்கக் கடலில் பிறக்கிறது. இந்தப் பனி மத்தியதரைக் கடலில் பிறக்கிறது.

ஜனவரியில் வந்தால் எல்லாமே குளிர், பனி விழும், போகும். மார்ச், ஏப்ரலில் நிலைமை வேறு. சூரியன் ஏறிவிட்டது, தெற்குப் பார்த்த சரிவுகள் பகலில் நன்றாகச் சுடுகின்றன. ஆனால் மேலே ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கிறது. கீழே சூடு, மேலே கடும் குளிர் என்றால் காற்று பொங்கி எழும். இடையூறு எதுவும் வராத நாளில்கூட, காலை பத்து மணிக்குச் சரிவில் பஞ்சு மாதிரி ஒரு மேகம் தோன்றும், பன்னிரண்டுக்குக் காலிஃபிளவர் மாதிரி வளரும், இரண்டு மணிக்கு இடி, ஆலங்கட்டி. அதோடு ஒரு இடையூறும் சேர்ந்துகொண்டால் அன்று முழுக்கப் பனிதான்.

உயரக் கணக்கு ஒன்று. சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். மணாலியில் 3 டிகிரியில் மழை பெய்கிறது என்று வையுங்கள். சோலாங் அதைவிட 450 மீட்டர் வாக்கில் உயரம், அங்கே 0. அதாவது பனி. இரண்டு இடமும் வண்டியில் அரை மணி நேர தூரம். உங்கள் அலுவலக நண்பர்கள் பார்த்தது இதைத்தான்.

போனில் வரும் எண்ணைப் பற்றி. அது பெரும்பாலும் பத்து, இருபது கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றின் சராசரி. பள்ளத்தாக்கும் அதன் தலைக்கு மேலே இருக்கும் முகடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை வைத்து ஸ்வெட்டர் எத்தனை என்று முடிவு செய்யாதீர்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் செயலியில், மணாலி இருக்கும் குல்லு மாவட்டத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் மேலே போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள். சிவப்பு என்றால் அறையை விட்டுக் கிளம்பவே வேண்டாம். மலையில் மூன்று நாள் கணிப்பை நம்பலாம், ஐந்தாம் நாளைப் பாதி நம்பலாம். 27ஆம் தேதி எப்படி இருக்கும் என்று இன்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கரோல்பாக் குடும்பம் | மார்ச் 20, மதியம் 1:30

எனக்கு இதில் ஒரே ஒரு கருத்துதான். வயதானவர்களை இந்த மாதத்தில் கூட்டிப்போகாதீர்கள். மே மாதம் போங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு நடந்தது.

ஒரு ஏப்ரல் முதல் வாரம், உத்தராகண்டில் சோப்தா போயிருந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், மனைவியின் தம்பி. அங்கிருந்து துங்கநாதர் கோயிலுக்கு மூன்றரை கிலோமீட்டர் கல் பாவிய பாதை. கோயில் 3,680 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் நடை சாத்தி, சுவாமியைக் கீழே மக்குமட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், ஆனாலும் நிறைய பேர் நடந்து போகிறார்கள். காலை பத்து மணிக்கு அப்படி ஒரு வெயில். காடு முழுக்க புராண்ஷ் பூ சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது. மகள் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். ஏற்பாடு செய்த பயண நிறுவனத்து ஆள், மழைக்கோட்டு எல்லாம் சுமை, வண்டியிலேயே விட்டுவிடுங்கள் என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். எல்லாரும் காட்டன் பேன்ட், கேன்வாஸ் ஷூ.

பன்னிரண்டரைக்குக் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தோம். முகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது. பத்தே நிமிடம். முதலில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள், கையில் எடுத்து நசுக்கினால் பொடிந்தன. மகளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் நசுக்க முடியாத ஆலங்கட்டி, அப்புறம் மழையும் பனியும் கலந்து. இடி பக்கத்தில் இறங்கியது. ஒதுங்க இடமில்லை. முக்கால் மணி நேரத்தில் நான்கு பேரும் உள்ளாடை வரை நனைந்துவிட்டோம். இறங்கும்போது கல் பாதை முழுக்க ஆலங்கட்டி, ஒவ்வொரு அடியும் வழுக்கல். பாதி வழியில் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் நாக்கு குழறுகிறது. உட்காரணும், தூங்கணும் என்கிறாள். அதுவரை பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன, அதுவும் நின்றிருந்தது. நடுக்கம் நின்றுவிட்டதே, நல்லதுதான் என்று நான் நினைத்தேன்.

கீழே டீக்கடை வைத்திருந்த ஒரு பாட்டி அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஈரத் துணி முழுவதையும் கழற்றி, தன்னுடைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி, அடுப்புப் பக்கம் மடியில் வைத்துக்கொண்டார். அரை மணி கழித்துச் சர்க்கரை போட்ட வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

நொய்டா டாக்டர் | மார்ச் 20, இரவு 8:50

கரோல்பாக் நண்பரே, எழுதியதற்கு நன்றி. உங்கள் மகளுக்கு நடந்தது உடல் வெப்பம் தாழ்ந்துபோதல். உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அந்த நிலை. நடுக்கம் என்பது உடம்பு சூடு உண்டாக்கப் போராடுகிற அடையாளம். ஆள் இன்னும் குளிரில் இருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் வருகிறது என்றால் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. இதை வாசிக்கிற எல்லாரும் மனதில் வையுங்கள்.

அந்தப் பாட்டி செய்தது ஒவ்வொன்றும் சரி. ஈரத்தைக் கழற்றுவது முதல் வேலை. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திவிடும், ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே மேலே எத்தனை போர்வை சுற்றினாலும் பலன் குறைவு. விழுங்கும் தெளிவு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். கை காலைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு போலத் தெரியும், உள்ளே வெப்பம் இன்னும் இறங்கும்.

இதற்கு மைனஸ் டிகிரி தேவையில்லை. 5 டிகிரி, ஈரம், காற்று, பருத்தித் துணி. இந்த நான்கும் சேர்ந்தால் போதும். மார்ச், ஏப்ரல் மலையில் இவை நான்கும் ஒரே மதியத்தில் சேர்கின்றன. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்கு மலையேறிப் போன 22 பேர் கொண்ட கர்நாடகக் குழுவில் 9 பேர் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார்கள். அது ஜூன் மாதம். எல்லாரும் கோடை என்று நினைக்கும் மாதம்.

துவாரகை நண்பருக்கு: அப்பா அம்மாவுக்கு ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருக்கிறதா? குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. மணாலி உயரம் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. உயரக் கோளாறு 2,500 மீட்டருக்கு மேல்தான் கவனிக்க வேண்டிய விஷயம். சிஸ்ஸு 3,100 மீட்டர் வாக்கில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம், இரவு தங்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடி எல்லாருக்கும் கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அன்று தெரியாது, இரவில் கண்ணில் மணல் போட்ட மாதிரி எரியும்.

பனிநடை | மார்ச் 20, இரவு 10:10

கரோல்பாக் அண்ணா பட்ட வேதனை புரிகிறது. ஆனால் போகவே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. பதினைந்து வருடமாக இந்த மாதங்களில் மலை ஏறுகிறேன். சோப்தாவில் தப்பு நடந்தது மாதத்தால் மட்டும் அல்ல, நேரத்தால். பத்து மணிக்குக் கிளம்பி, மேகம் வளரும் நேரத்தில் 3,600 மீட்டரில் இருந்தீர்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால் எட்டரைக்கெல்லாம் கோயில் வாசல், பதினொன்றுக்கு டீக்கடை. இந்தப் பருவத்தில் மதியத்துக்குள் இறங்கிவிடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு. வானம் நீலமாக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

முந்தின நாளே தெரியும் அடையாளங்களும் உண்டு. மேற்கே உயரத்தில் குதிரை வால் மாதிரி மெல்லிய மேகம் இழுபடும். சூரியனையோ நிலாவையோ சுற்றி ஒரு வளையம் கட்டும். உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் இரவு படுக்கும்போது பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் நீங்கள் நகராமலே நாற்பது, ஐம்பது மீட்டர் ஏறியதாகக் காட்டினால் காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது. அன்று மேலே போவதில்லை என்பது என் பழக்கம்.

கரோல்பாக் குடும்பம் | மார்ச் 20, இரவு 10:45

நீங்கள் மலை ஏறுபவர். எங்களை மாதிரிக் குடும்பம் குழந்தைகளையும் பெரியவர்களையும் கிளப்பிக் காலை ஐந்தரைக்கு நடக்க ஆரம்பிக்க முடியுமா? எங்களுக்கு ஏற்பாடு செய்தவர்களே பத்து மணிக்குத்தான் கூட்டிப்போனார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேகத்தையும் கடிகாரத்தையும் வாசிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் இந்த மாதத்தில் அங்கே போகிறார்கள். அவர்களுக்காகத்தான் நான் எழுதினேன்.

பனிநடை | மார்ச் 20, இரவு 11:00

நீங்கள் சொல்வது நியாயம். மழைக்கோட்டை வண்டியில் விடச் சொன்ன ஆள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. நான் எழுதியதில் பழி உங்கள் மேல் விழுகிற மாதிரி இருந்திருந்தால் வருந்துகிறேன்.

சிம்லா டீச்சர் | மார்ச் 21, காலை 6:30

பதினோரு வருடம் சிம்லாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது மயூர் விஹாரில் இருக்கிறேன். போவதா வேண்டாமா என்பதைவிட, எப்படிப் போவது என்று பார்க்கலாம். திட்டத்தில் வேண்டியது ஒரு உதிரி நாள். மூன்று இரவு என்றால் நான்காக்குங்கள். வெளியே போகும் நாள்களை இப்போதே பெயர் வைத்துப் பூட்டாதீர்கள். சோலாங் எந்த நாள், சிஸ்ஸு எந்த நாள் என்பதை அங்கே போய், முந்தின இரவு பார்த்து முடிவு செய்யுங்கள்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்லியிலிருந்து மணாலி 540 கிலோமீட்டர் வாக்கில் வரும். மழை பெய்த மறுநாள் மண்டிக்கு மேலே பண்டோ, ஔட் பக்கம் சரிவிலிருந்து கல் உருளும். பெய்து ஓய்ந்த பிறகு பகலில் அந்தப் பகுதியைக் கடப்பதுதான் நல்லது. பனி விழுந்தால் சோலாங்குக்கு முன்பே போலீஸ் நிறுத்திவிடுவார்கள், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியை மட்டும் விடுவார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். சுரங்கம் 9 கிலோமீட்டர், உள்ளே சுகமாக இருக்கும். ஆனால் வடக்கு வாயிலைத் தாண்டினால் பனிச்சரிவு இறங்கும் மலை. புதுப் பனி விழுந்து மறுநாள் நல்ல வெயில் அடிக்கிறதே என்று கிளம்பத் தோன்றும். அந்த வெயில்தான் பழைய பனியின் மேல் உட்கார்ந்த புதுப் பனியை வழுக்கி விடுகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கம் மாணாவில் சாலைத் தொழிலாளர்கள் முகாம் பனிச்சரிவில் புதைந்து 8 பேர் இறந்தார்கள், 46 பேரை உயிரோடு மீட்டார்கள். பனி விழுந்த பிறகு ஒரு முழு நாள் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

தங்கும் அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஹீட்டர் ஓடுமா என்று கேளுங்கள். பனி விழுந்தால் முதலில் போவது கரண்ட்தான். ஆளுக்கு ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை கரோல்பாகிலேயே வாங்கிவிடுங்கள். காலையில் நடைபாதையில் தண்ணீர் மாதிரி மினுங்கும் இடம் தண்ணீர் அல்ல, பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறைந்தது. பெரியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது அங்கேதான். ஒன்பது மணி வெயில் படும் வரை வெளியே நடக்க விடாதீர்கள்.

துவாரகைப் புதியவன் | மார்ச் 24, இரவு 9:15

எல்லாரையும் கும்பிடுகிறேன். நான்கு நாளாக இந்த இழையை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறேன். கரோல்பாக் அண்ணா எழுதியதைப் படித்து மனைவி அழுதுவிட்டாள்.

மௌசம் செயலியில் 27, 28 இரண்டு நாளும் குல்லுவுக்கு ஆரஞ்சு. இரவு இங்கே துவாரகையிலும் புழுங்குகிறது, பெரியவர் சொன்ன அதே கிழக்குக் காற்று. டிக்கெட்டை 31ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன், நான்கு இரவு. அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அப்பா வேட்டிதான் கட்டுவேன் என்கிறார். என்ன செய்ய?

ஊட்டிக்காரி | மார்ச் 24, இரவு 9:40

வேட்டிக்கு உள்ளே கம்பளி உள்ளாடை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை, மேலே நீளமான மழைக்கோட்டு. எங்கள் தாத்தா ஊட்டியில் அப்படித்தான் இருந்தார். ஆனால் பனியில் இறங்கும்போது மட்டும் பேன்ட் போடச் சொல்லுங்கள். சோலாங் போகும் வழியில் கம்பூட்டும் கோட்டும் வாடகைக்குக் கிடைக்கும், ஈரமில்லாததாகப் பார்த்து எடுங்கள். மாற்றுத் துணி ஒரு செட் பிளாஸ்டிக் பையில் கட்டி எப்போதும் கூடவே இருக்கட்டும்.

துவாரகைப் புதியவன் | ஏப்ரல் 6, இரவு 10:30

இன்று காலை திரும்பி வந்தோம். எல்லாரும் நலம். நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1ஆம் தேதி போய் இறங்கியபோது நல்ல வெயில், 17 டிகிரி. பையன் அன்றே சோலாங் போகலாம் என்று குதித்தான். பஸ் களைப்பு தீரட்டும் என்று ஹிடிம்பா கோயிலோடு நிறுத்திக்கொண்டோம். தேவதாரு மரங்களை அண்ணாந்து பார்த்து அம்மா வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை அப்பாதான் காட்டினார், சூரியனைச் சுற்றி வளையம். "இதை நம்மூரில் கோட்டை கட்டியிருக்கிறது என்போம், மழை வரும்" என்றார். பனிநடை அண்ணா எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன், ஆனால் அவருக்கு அது முன்பே தெரிந்த விஷயம்.

2ஆம் தேதி பகல் பன்னிரண்டு வரை வெயில். பக்கத்து அறைக் குடும்பம் சிஸ்ஸுவுக்குக் கிளம்பியது. நாங்கள் போகவில்லை. இரண்டு மணிக்கு மேற்கே இருட்டி, இடி இடித்து, கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி இருபது நிமிடம் அடித்தது. மாலையில் மழை, இரவு கரண்ட் போய்விட்டது. வெந்நீர்ப் பைகள்தான் காப்பாற்றின. டீச்சர் அம்மாவுக்கு என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். பக்கத்து அறைக்காரர்கள் இரவு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள், குழந்தைகள் முகம் வெளுத்திருந்தது. எங்களிடம் இருந்த இரண்டு பையைக் கொடுத்தோம்.

விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். சத்தமே இல்லை, வந்து பார் என்றார். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. மழை என்றால் சத்தம் கேட்கும், இது இவ்வளவு விழுகிறதே, ஒரு சத்தமும் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கையை வெளியே நீட்டி வாங்கி, கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான்கு விரல்கடை உயரம் இருக்கும். பத்து மணிக்கெல்லாம் கூரையிலிருந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. அன்று எங்கும் போகவில்லை. 4ஆம் தேதி காலை ஏழு மணிக்கு சோலாங் போய்ப் பனியில் விளையாடிவிட்டுப் பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டோம். சிஸ்ஸு போகவே இல்லை, அதில் வருத்தமும் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். திரும்பும் நாளில் மதியம் வரை நேரம் இருந்ததால் நக்கர் பக்கம் போனோம். அங்கே உயரம் குறைவு, ஆப்பிள் பூத்திருக்கும் நேரம். ஒரு தோட்டத்து வேலி ஓரம் வண்டியை நிறுத்தினோம். மரத்தடி முழுக்க வெள்ளையும் ரோஸுமாக இதழ்கள். அம்மா, பூ கொட்டி எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். அப்பா மட்டும் குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். இது தானாக உதிர்ந்த பூ இல்லை, அடிபட்ட பூ என்றார். தோட்டக்காரர் அந்தப் பக்கம் ஒரு மரத்தின் கிளையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இந்தி தெரியாது. நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றார். அவர் கொத்தைக் காட்டி ஏதோ சொன்னார், ஓலா, ஓலா, அதாவது ஆலங்கட்டி என்றது மட்டும் காதில் விழுந்தது. அப்பா தன் கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டி, அறுப்பு நேரத்தில் மழையில் சம்பா சாய்ந்ததைத் தமிழிலேயே சொன்னார். அரை மணி நேரம் இரண்டு பேரும் மரம் மரமாகப் போய்ப் பார்த்தார்கள். கிளம்பும்போது அவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பனி பார்க்கத்தான் கூட்டிப்போனேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார். அத்தனை பூவும் போய்விட்டதா, அந்த மனிதருக்கு இந்த வருஷம் ஒன்றுமே கிடைக்காதா என்று.

சிம்லா டீச்சர் | ஏப்ரல் 7, காலை 6:10

படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆப்பிளில் ஒரு கொத்துக்கு ஐந்தாறு பூ. எல்லாம் ஒரே நாளில் மலராது. நடுவில் இருக்கும் பூ முதலில் விரியும், நல்ல பெரிய காய் அதில்தான் பிடிக்கும். சுற்றி இருப்பவை சில நாள் கழித்து விரியும். ஆலங்கட்டி அடித்தபோது நடுப்பூ போயிருக்கும், அரும்பாக இருந்தவற்றில் கொஞ்சம் தப்பியிருக்கும். இனி ஒரு வாரம் வெயில் அடித்துத் தேனீ பறந்தால் அதிலிருந்து காய் பிடிக்கும். குளிர் நீடித்தால் தேனீ கூட்டை விட்டே வராது. வசதி உள்ளவர்கள் தோட்டத்துக்கு மேலே வலை கட்டுகிறார்கள், ஆனால் செலவு அதிகம். அவர் தோட்டத்தில் வலை இருந்ததா?

துவாரகைப் புதியவன் | ஏப்ரல் 7, காலை 6:55

பாதித் தோட்டத்தில் இருந்தது. கீழ்ப் பக்கம் இரண்டு வரிசை மரம் வலைக்குள், பூ அப்படியே இருந்தது. நான் கவனிக்கவே இல்லை, அப்பாதான் இப்போது சொல்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். குல்லுவில் இந்த வாரம் வெயிலா என்று தினமும் போனில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இன்று பச்சை.